மாடிப்படிக்கு அடியில் ஒரு செல் பிரிவு

பேச்சு நின்று பதினோரு வருடம் ஆனாலும் மரியாதையில் இம்மியும் குறையாத அத்தான் அவர்களுக்கு, தங்கள் மனைவியின் ஒரே தம்பி எழுதிக்கொள்வது. இங்கே என் மனைவியும் மகளும் சௌக்கியம். அங்கே அக்காவும் தாங்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை என்பதும் தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பொருள்: கோழி முட்டையின் மஞ்சள் கரு ஒரே செல் என ஏற்றுக்கொள்ளுதல் – சான்றிதழ் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: பதினோரு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை, என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தாங்கள் வாய்மொழியாகச் சொன்னது.

முப்பத்துநாலு வருடமாக ஆபீஸ் கடிதமே எழுதிப் பழகிய கை, பொருளும் பார்வையும் போடாமல் நகர மாட்டேன் என்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பார்வையில் கண்ட ஞாயிற்றுக்கிழமை தங்களுக்கும் மறந்திருக்காது. தட்டில் ஆம்லெட் இருந்தது. உயிரியல் ஆசிரியரான தாங்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "முட்டையில இருக்கற மஞ்சள் கரு முழுசும் ஒரே ஒரு செல்தான், தெரியுமா?" என்றீர்கள். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "செல்லுன்னா கண்ணுக்கே தெரியாது அத்தான். இது தட்டு நிறைய இருக்கே" என்றேன். "உனக்கு ஒண்ணும் தெரியாது மாப்ளே, பேசாம சாப்பிடு" என்றீர்கள். என் மனைவி, என் மகள், மகளோடு படிக்கும் இரண்டு பெண்கள் எல்லோரும் இருந்த இடத்தில். நான் பேசாமல்தான் சாப்பிட்டேன். அதற்குப் பிறகும் பேசவில்லை. தாங்களும் பேசவில்லை.

இப்போது நடந்தது என்னவென்றால், இரண்டு வாரத்துக்கு முன் என் மேஜைக்கு மேலாளர் கையெழுத்தோடு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. "செல் பிரிவு – மிக அவசரம் – தாங்களே நேரடியாகக் கவனிக்கவும்." நான் தபால் பிரிவில் இருப்பவன் என்பது தங்களுக்குத் தெரியும். எங்கள் பாடநூல் அலுவலகத்தில் தபால் பிரிவு, கணக்குப் பிரிவு, சேமிப்புப் பிரிவு என்று எல்லாமே பிரிவுதான். அதற்கு இரண்டு நாள் முன்புதான் மேலாளர் அறையில் நடந்த ஒரு கூட்டத்தில் யாருடைய செல்போனோ குழந்தை அழுகிற மாதிரி அடித்து, மேலாளர் மேஜையைத் தட்டிக் கத்தியிருந்தார். ஆக, செல்போனைக் கட்டுப்படுத்தப் புதிதாக ஒரு பிரிவு, அதற்கு நான் பொறுப்பு என்று எந்த மடையனுக்கும் புரியும், எனக்கும் புரிந்தது. "ஏற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, மாடிப்படிக்கு அடியில் உடைந்த நாற்காலிகளை ஒதுக்கி ஒரு மேஜை போட்டேன், தகரப் பெட்டி ஒன்றுக்குப் பூட்டு வாங்கினேன், டோக்கன் எழுதினேன், "செல் பிரிவு" என்று பெயர்ப்பலகை எழுதி மாட்டினேன், காலையில் வருகிற அத்தனை பேரிடமும் செல்லை வாங்கி உள்ளே போட்டேன். பெட்டி நாள் முழுக்க அலறியது. யாருடைய செல் என்று தெரியாமல் தட்டச்சர் அம்மா ஒன்றை எடுத்துப் பேசப் போய், கணக்குப் பிரிவுக்காரரின் மனைவி அன்று சாயந்திரமே ஆபீஸுக்கு நேரில் வந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் எனக்கு ஜுரமே வந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். நடந்ததை ஒரு எழுத்து விடாமல் எழுதுகிறேன், தாங்களே நியாயம் சொல்லுங்கள்.

"செல் பிரிவு எந்த அளவுல இருக்கு?"

"நல்லா நடக்குதுங்கய்யா."

"எத்தனை பக்கம் வந்திருக்கு?"

"ஒரே பக்கம்தாங்கய்யா. மாடிப்படிக்கு இடது பக்கம்."

அவர் கேட்கவில்லை. அவர் யார் பேசுவதையும் கேட்கிறவர் இல்லை. "முதல்ல ஒண்ணு, அப்புறம் ரெண்டு, அப்புறம் நாலு, அப்படியே பெருகிட்டே போறது படிக்கிறவனுக்குத் தெளிவாப் புரியணும்யா" என்றார்.

"அப்படியேதாங்கய்யா. முதல் நாள் ஒண்ணு ரெண்டுதான் வந்துது. இப்ப நாற்பத்தொண்ணு."

"நாற்பத்தொண்ணா? இரட்டைப்படையில இல்ல வரணும்?"

"உங்களோடதையும் குடுத்துட்டீங்கன்னா சரியா வந்துடுங்கய்யா" என்று டோக்கனை நீட்டினேன்.

அதற்கப்புறம் அந்த அறையில் நடந்ததை எழுத வேண்டாம். விஷயம் இதுதான்: எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் செல்லைப் பற்றிய பாடம். செல்லின் அமைப்பு, அது செய்யும் வேலை, கடைசியில் அது எப்படி இரண்டாகப் பிரிகிறது என்பது. பாடத்தை எழுதிக்கொண்டிருந்தவர் பாதியில் உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டார். கோப்பின் மேல் "செல் பிரிவு" என்று எழுதியிருந்ததால் அதைப் பார்த்த யாரோ, பிரிவு என்றால் பிரிவுக்குத்தான் போக வேண்டும் என்று தபால் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதி வைக்க, மேலாளர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். "அய்யா, எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க, உத்தரவை வாபஸ் வாங்கிடுங்க" என்று கெஞ்சினேன். வாபஸ் வாங்கினால் உத்தரவு தப்பு என்று ஆகிவிடும், தப்பு என்று ஆனால் அது யார் தப்பு என்று ஒரு கோப்பு திறக்க வேண்டியிருக்கும், அதைவிட நானே பாடத்தை எழுதிவிடுவது எல்லோருக்கும் நல்லது என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அன்று செவ்வாய்க்கிழமை.

சேமிப்பு அறையிலிருந்து பழைய பதிப்பு ஒன்றைத் தேடி எடுத்தேன். இரண்டு பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது, மீதியை நான் மூன்று தடவை படித்தேன், இரண்டு பேருக்குமே செரிக்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் மாடிப்படிக்கு அடியில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், அத்தான், எனக்குத் திடீரென்று புரிந்தது. இது எங்கள் ஆபீஸ்! பெயர்தான் வேறே. அதற்கப்புறம் பேனா நிற்கவில்லை.

"செல்லைச் சுற்றி ஒரு சவ்வு உண்டு. வேண்டியவர்களை உள்ளே விடும், வேண்டாதவர்களை வாசலிலேயே நிறுத்தும்" என்று வாயிற்காவலரைப் பார்த்து எழுதினேன். "நடுவில் உட்கரு இருக்கிறது. அதற்கு மட்டும் இரட்டைச் சுவர். மூலப் பத்திரங்கள் எல்லாம் அதற்குள்தான். எந்தக் காரணத்தைக் கொண்டும் மூலம் வெளியே வராது, துளை வழியாக நகல் மட்டும் வரும். வெளியே ரைபோசோம்கள் என்று ஏராளமான பேர் அந்த நகலை வைத்துக்கொண்டு, அது எதற்கு என்று கேட்காமல், வரிக்கு வரி அதன்படியே புரதத்தைத் தயாரிக்கிறார்கள்" என்று எழுதியபோது பக்கத்து அறையில் தட்டச்சர் அம்மா தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தார். தயாரானதை மடித்து, கட்டி, விலாசம் எழுதி அனுப்புவது கோல்கை உறுப்பு. முப்பத்துநாலு வருடமாக நான் செய்வது அதுதான், அதற்கு இவ்வளவு கௌரவமான பெயர் இருப்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிய வந்தது. வேண்டாததைக் கரைத்து அழிப்பது லைசோசோம், அதாவது எங்கள் பழைய கோப்பு அறை. அது உடைந்தால் செல்லையே தின்றுவிடுமாம். எங்கள் அறைக்கு நாலு வருடமாகப் பூட்டு இல்லை. எல்லோருக்கும் தெம்பு கொடுப்பது மைட்டோகாண்ட்ரியா. அது ஆதியில் வெளியாளாம், எப்போதோ உள்ளே வந்து அப்படியே தங்கிவிட்டதாம், இன்றைக்கும் தனக்கென்று தனி ஏடு வைத்திருக்கிறதாம். பின்கட்டில் டீ போடுகிறவரும் அப்படித்தான் வந்தார். அவர் ஒருநாள் வராவிட்டால் ஆபீஸில் ஒரு காகிதம் நகராது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். பக்கம் கொஞ்சம் மிச்சம் இருந்ததால், பழைய புத்தகத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு விஷயத்தையும் சேர்த்தேன். "சில செல்கள் வளர்ந்து பக்குவம் வந்ததும் தம் உட்கருவை வெளியே தள்ளிவிடுகின்றன. அதற்குப் பிறகு இடம் தாராளமாகக் கிடைப்பதால் அதிகச் சுமை தூக்குகின்றன. நூற்றிருபது நாள் ஒரு குறையும் இல்லாமல் உழைக்கின்றன. எடுத்துக்காட்டு: மனித ரத்தத்தின் சிவப்பணு."

தட்டச்சர் அம்மா இதை டீ நேரத்தில் சத்தமாகப் படித்தார். எல்லோரும் சிரித்த சிரிப்பில் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. மேலாளர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். எட்டு வருடத்தில் அவர் அந்த அறையை விட்டு வெளியே தலை நீட்டியது அன்றுதான். அன்று சாயந்திரமே குறிப்பாணை வந்துவிட்டது. "பாடத்தில் 'உட்கரு' என்று தாங்கள் குறிப்பிட்டிருப்பது யாரை? அதை வெளியே தள்ளலாம் என்று எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பரிந்துரைத்தது ஏன்? திங்கட்கிழமைக்குள் விளக்கம் தேவை." வருகிற முப்பதாம் தேதி எனக்கு ஓய்வு, அத்தான். குறிப்பாணை முடியாமல் என்னை விடுவிக்க மாட்டார்கள். முப்பத்துநாலு வருடத்தில் என் பேரில் ஒரு குறிப்பாணை வந்ததில்லை. லேட்டாக வந்ததற்குக்கூட வந்ததில்லை. கடைசி வாரத்தில் இப்படி ஒரு கறையோடு வெளியே போவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஆகவேதான் தங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். பாடத்தின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். "இதில் எழுதியுள்ள ஒவ்வொரு வரியும் அறிவியல்படி முற்றிலும் சரி, இதை எழுதியவர் விஷயம் தெரிந்தவர்" என்று தாங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், நான் தப்பித்துவிடுவேன். சும்மா கேட்கவில்லை. பழைய புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில், கோழி முட்டையின் மஞ்சள் கரு ஒரே செல் என்று அச்சில் இருக்கிறது. தாங்கள் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. பதினோரு வருடம் கழித்து இதை எழுத்து மூலமாகவே ஒப்புக்கொள்கிறேன், வேண்டுமானால் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் அந்தப் புத்தகத்தில் படித்தேன். தாவர செல்கள் தங்களைச் சுற்றிக் கெட்டியாக ஒரு சுவர் கட்டிக்கொள்கின்றனவாம். கட்டிக்கொண்டாலும் அதில் சின்னச் சின்னத் துளை வைத்து, பக்கத்து செல்லோடு கொடுக்கல் வாங்கலை விடாமல் நடத்துகின்றனவாம். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே அந்தத் துளை யார் என்று தாங்களும் ஊகித்திருப்பீர்கள். செவ்வாய்க்கிழமை தோறும் என் மனைவி துணி உலர்த்தப் போகிறேன் என்று செல்லோடு மொட்டைமாடிக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறங்கி வருகிறாள். மழை பெய்தாலும் போகிறாள். தங்கள் முழங்கால் செய்தி அந்த வழியாகத்தான் வந்தது. ஆனால் அத்தான், அக்கா குரலை நான் கேட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. அதை நினைத்தால் எனக்கு அழுகையே வருகிறது. இதையும் எழுத்து மூலமாகவே ஒப்புக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாடி ஏற வேண்டாம். தங்கள் ஆசியும் கையெழுத்தும் வேண்டி,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
(செல் பிரிவு, கூடுதல் பொறுப்பு)

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்துவிட வேண்டாம்! உறையை ஒட்டுவதற்கு முன் எங்கள் தலைமை எழுத்தரிடம் ஒரு தடவை படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், ஒவ்வொரு வரியும் சரின்னு உங்க அத்தான் எழுதிக் குடுத்தா, உட்கரு சும்மா உள்ளயே உக்காந்திருக்கு, வெளிய தள்ளுனாத்தான் வேலை நடக்கும்கறது நிரூபணம் ஆயிடும். அப்புறம் நீ முப்பதாம் தேதி இல்ல, எப்பவுமே வெளிய போக முடியாது. உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு யாராவது பெரிய மனுஷன்கிட்ட எழுதி வாங்கு. தெரிஞ்சு செஞ்சாத்தான்யா இங்க குத்தம். தெரியாம செஞ்சதுக்கு நம்ம ஆபீஸ்ல இதுவரைக்கும் யாரையாவது கேட்டிருக்காங்களா?" என்றார். நியாயமாகத்தான் படுகிறது. இத்தனை பக்கத்தைத் திரும்ப எழுதக் கையில் தெம்பில்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன். தாங்கள் புதிதாக எதுவும் யோசிக்க வேண்டாம். பார்வையில் கண்ட அதே வாக்கியம் போதும்: "இவருக்கு ஒன்றும் தெரியாது." தேதியும் கையெழுத்தும் மட்டும் மறக்க வேண்டாம். தபாலில் அனுப்பினால் என் பிரிவில் பிரித்துப் படித்துவிடுவார்கள், ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை நேரிலேயே கொண்டுவந்து கொடுங்கள். அக்காவையும் அழைத்து வாருங்கள். அதை எல்லோர் முன்னாலும் இன்னொரு தடவை சத்தமாகப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, நான் பேசாமல் சாப்பிடுகிறேன். ஆம்லெட்டுக்குச் சொல்லிவிட்டேன், ஆளுக்கு இரண்டு செல்.