வலிக்காத பல்

“எந்தப் பல்லுய்யா?” என்று மேனேஜர் கேட்டதும் ஸ்டோர்கீப்பர் விழித்தார். பல்வலி என்றால் நாளைக்கு அரைநாள் லீவு கிடைத்துவிடும் என்பதுவரைதான் யோசித்திருந்தார்.

“கீழ... கடைசி, சார்.”

“கடைசிப் பல்லா? அதை அலட்சியமா விடவே கூடாது!”

பல்லெல்லாம் கல்லு மாதிரிதான் இருந்தது. நாளை இரண்டு மணிக்குப் பட்டப்படிப்பின் கடைசிப் பரீட்சை. விட்டால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

“படிக்கிறேன்னு சொல்லித் தொலைங்களேன்,” என்றாள் மனைவி.

“எனக்கு முன்னாடி இருந்தவன் சொன்னானே! ‘வேலையும் படிப்பும் சேர்ந்தா உடம்பு தாங்காதுப்பா’ன்னு முதலாளி வேலையை விட்டு எடுத்துட்டார்.”

மறுநாள் நம்பிக்கை வரட்டுமே என்று கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு போனார்.

“ஐயையோ, முகமே மாறிப்போச்சே!” என்று மேனேஜர் பதறினார்.

“இல்ல சார், குறைஞ்சிருக்கு.”

“குறைஞ்சிருக்கா? அப்ப உள்ளே சீழ் பிடிச்சிருக்கு. முதலாளிகிட்டச் சொல்லிட்டேன். நானே கூட்டிட்டுப் போறேன்.”

“உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்? நான் பஸ்ல...”

“மயங்கி விழுந்தா யாருய்யா பதில் சொல்றது? ஏறு வண்டியில!”

ஆஸ்பத்திரியில் மேனேஜர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார்.

“வலிக்குதா?”

“சுத்தமா இல்ல டாக்டர். நான் கிளம்பட்டுமா?”

“தட்டினாக்கூடத் தெரியலையா? வேர் செத்துப் போயிருக்கும்,” என்று டாக்டர் ஊசியைப் போட்டார்.

பாதி வாய் மரத்துப் போனது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றே முக்கால். டாக்டர் குறடை எடுத்ததும் ஸ்டோர்கீப்பர் துள்ளிக் குதித்து வெளியே ஓடினார்.

“சார்! எனக்குப் பல்லே வலிக்கல! நான் படிக்கிறேன் சார்! ரெண்டு மணிக்குப் பரீட்சை! வேலையை விட்டு எடுத்தாலும் சரி, நான் போறேன்!”

காத்திருந்த நோயாளிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜரின் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

நர்ஸம்மா ஸ்டோர்கீப்பரின் தோளைப் பிடித்து மறுபடி உள்ளே தள்ளினாள்.

“சத்தம் போடாதீங்க. சாயங்காலம் வரைக்கும் உங்களை விடக் கூடாதுன்னு உங்ககூட வந்தவர் என்கிட்டக் கெஞ்சிட்டுப் போயிருக்கார். அவரும் முதலாளிக்குத் தெரியாமப் படிக்கிறாராம், ரெண்டு மணிக்குப் பரீட்சையாம், பாவம்.”