மாமியாருக்கும் எனக்கும் நடுவில் காவேரி

வீடு வாங்கினால் காவேரிக்கு அக்கரையில்தான் வாங்குவேன் என்று போன சித்திரையில் ஒரு சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் எடுக்கும் உரிமை கல்யாணத்தோடு என்னை விட்டுப் போய்விட்டது.

என் பெயர் ரெங்கராஜ். ஒரு பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டர். திருச்சியிலிருந்து மணப்பாறை போகிற ரோட்டில் என் தலை தெரிந்தால் கண்டக்டர்கள் தங்கள் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். தூங்குகிற மாதிரி நடிக்கிறவன், முறுக்குக் கூடைக்குப் பின்னால் குனிகிறவன், “முன்னாடி அண்ணன் எடுத்துட்டாரு” என்று இல்லாத அண்ணனைக் கைகாட்டுகிறவன், ஒருத்தனும் என்னிடம் தப்பியதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் ஏமாளி இல்லை என்பதை முதலிலேயே உங்களுக்குத் தெரிவித்துக்கொள்ளத்தான்.

அப்போது குடியிருந்தது காவேரிக்கு இக்கரையில், திருச்சி புத்தூரில். ஒன்றரை அறை வாடகை வீடு. அரை அறை என்பது சமையலறை. மூன்று பிள்ளைகள். நாலாவது என் மனைவி வள்ளிக்கண்ணுவின் வயிற்றில். சேதி காதில் விழுந்ததும் வீட்டுக்காரர் நேரிலேயே வந்துவிட்டார்.

“ரெங்கராஜ், நான் வீட்டைக் குடித்தனத்துக்குத்தான் விட்டேன். பள்ளிக்கூடத்துக்கு விடலை.”

“இதோட நிறுத்திக்கிறோம் சார்.”

“போன தடவையும் இதைத்தான் சொன்னே. ஆவணிக்குள்ள காலி பண்ணிடு.”

இன்னொரு வாடகை வீட்டில் போய் இன்னொருவரிடம் இதே பேச்சைக் கேட்பதற்குப் பதில், பிராவிடண்ட் ஃபண்டில் கடன் போட்டுச் சின்னதாக ஒரு சொந்த வீடே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். எங்கே வாங்குவது என்பதுதான் கேள்வி.

இங்கே என் மாமியார் மயிலம்மாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புத்தூரிலேயே, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, சொந்த வீட்டில் இருந்தார். கூடவே அவருடைய மகன், என் மைத்துனன் அழகர்சாமி. அவன் வேலை தேடிக்கொண்டிருந்தான். எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறான். அந்த வீட்டிலிருந்து காலையில் ஆள் வரும், காப்பித் தூளுக்கு. பத்து மணிக்கு என் குடை போகும். சாயங்காலம் என் சைக்கிள் போகும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமியாரே முழுசாக வருவார்.

வாரம் பூரா பஸ்ஸில் நின்றுகொண்டே குலுங்குகிறவன் நான். எனக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஆசை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரம் தூங்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் நான் தலையணையைத் தட்டிப் போடுகிற நேரம் பார்த்து, “மாப்ளே தூங்குறாரா? எழுப்பாதே” என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரலில் மாமியார் சொல்வார். அப்புறம் நான் எங்கே தூங்குவது?

வள்ளிக்கண்ணுவை உட்காரவைத்து ஊரையே அலசினேன்.

“உறையூர்?”

“நாள் பூரா தறிச் சத்தம். குழந்தை தூங்குமா?”

“பொன்மலை?”

“ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினா வயித்துப் பிள்ளை கதிகலங்கிடும்.”

“காந்தி மார்க்கெட் பக்கம்? காய்கறி மலிவு.”

“ராத்திரி பூரா லாரி வந்து மூட்டை இறக்கும். அங்க குடியிருக்கிறதும் மூட்டைக்கு நடுவுல படுக்கிறதும் ஒண்ணு.”

“தில்லை நகர்ல வயலை மேடாக்கி பிளாட் போடுறாங்களாமே?”

“அந்த விலைக்கு உங்க பஸ்ஸை வித்தாத்தான் உண்டு. அதுவும் உங்க பஸ் இல்லை.”

“அப்ப நீயே சொல்லு.”

“எங்க அம்மா வீட்டுக்குப் பின்னாடி ஒரு வீடு விலைக்கு வருதாம். கொல்லைச் சுவரை இடிச்சா ரெண்டும் ஒரே வீடா ஆயிடும்.”

வேண்டவே வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் விடவில்லை.

“இல்லே, வேற எங்க வேணும்னாலும் வாங்குங்க. நான் உங்க பேச்சைத் தட்டலை. ஸ்ரீரங்கம் மட்டும் வேணாம்.”

“ஏன்?”

“அம்மாவுக்குக் காவேரிப் பாலம் ஏறினாலே தலை சுத்தும். தண்ணியைப் பார்த்தா மயக்கம் போட்டுடுவாங்க. அங்க போயிட்டா எங்க அம்மா முகத்தையே நான் பார்க்க முடியாதுங்க.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த நிமிஷம் எடுத்ததுதான் மேலே சொன்ன சபதம்.

மறுநாளே வீட்டுத் தரகர் செபஸ்தியானைப் பிடித்தேன். மனுஷன் என்னை டவுன் பஸ்ஸில் ஏற்றிப் பாலத்தைத் தாண்டினார். நான் ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். எவ்வளவு அகலமான ஆறு! இத்தனை நாள் இதன் அருமை தெரியாமல் இருந்துவிட்டேனே என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஸ்ரீரங்கம் கோயிலுக்கு மேற்கே, மேலூர் போகிற ரோட்டில், வாழைத் தோப்பை ஒட்டி ஒரு பழைய ஓட்டு வீடு. மூன்று அறை. பின்னால் கிணறு. நடுவில் ஒரு பெரிய கூடம்.

“இந்தக் கூடத்துல ஒரு கல்யாணமே நடத்தலாம் சார்” என்றார் செபஸ்தியான்.

“கூரை ஒழுகுமா?”

“மழை பேஞ்சா ஒழுகும். அதனாலதான் இந்த விலை.”

விலை என் கைக்கு எட்டுகிற விலை. நான் கூடத்தின் நடுவில் நின்று, கட்டிலை எங்கே போடலாம் என்று பார்த்தேன். ஓடு மாற்றிக்கொள்ளலாம். மாமியாரை மாற்ற முடியாது.

வள்ளிக்கண்ணு அழுதாள். சாப்பாட்டில் உப்பைக் குறைத்தாள். பிறகு அதிகமாகப் போட்டாள். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்.

“எதுக்குங்க சண்டை? நம்ம தெருமுனை ஆத்தாகிட்டயே கேட்டுடலாம். பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூ வந்தா ஸ்ரீரங்கம். செவப்புப் பூ வந்தா அம்மா வீட்டுக்குப் பின்னாடி. ஆத்தா என்ன சொல்றாளோ அதான்.”

“சரி.”

“பொட்டலம் நீங்களே கட்டிட்டு வாங்க. நான் கட்டினா நான் ஏதோ பண்ணிட்டேன்னு சொல்லுவீங்க.”

பார்த்தீர்களா, எவ்வளவு வெள்ளை மனசு! எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை நினைத்தேன். பாவம் பறந்துவிட்டது. வாழை இலையில் இரண்டு பொட்டலம் கட்டினேன். இரண்டிலும் நந்தியாவட்டை. வெள்ளை வெளேரென்று. சிவப்பு அரளி பறித்ததாகப் பாவனை காட்டுவதற்காக ஒரு கிளையை உடைத்துக் கொல்லையில் போட்டேன். பிறர் திருட்டைப் பிடித்துப் பிடித்து எனக்கும் கொஞ்சம் தொழில் வந்திருந்தது.

கோயிலில் பூசாரி சின்னையா இரண்டு பொட்டலத்தையும் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். மாமியாரும் மைத்துனனும் ஆஜர். என் இரண்டாவது மகள் போய் ஒன்றை எடுத்து வந்தாள். பூசாரி பிரித்தார்.

“வெள்ளை!”

“ஆத்தா!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மாமியார் “எம் பொண்ணைப் பிரிச்சுட்டியே தாயே” என்று ஒரு கதறல் கதறினார்.

அப்போதுதான் சின்னையா ஒரு காரியம் செய்தார். மிச்சமிருந்த பொட்டலத்தைக் கையில் எடுத்தார். “இதையும் பிரிச்சுக் காட்டிடறேன். யாருக்கும் மனசுல குறை இருக்கக் கூடாது பாருங்க.”

என் சட்டை நனைந்துவிட்டது. டிக்கெட் இல்லாமல் பஸ்ஸில் வருகிறவனுக்கு என்னைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். என்னையறியாமல் கோபுரத்தை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன்.

“வேணாம் பூசாரி” என்றாள் வள்ளிக்கண்ணு. “ஆத்தா வாக்குச் சொன்னப்புறம் சோதிச்சுப் பார்க்கிறது தப்பு. அதை அப்படியே ஆத்துல விட்டுடுங்க.”

என்ன பக்தி! என்ன பக்தி! அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தேன்.

ஆவணியில் குடிபோனோம். ஐப்பசியில் வள்ளிக்கண்ணு பிரசவத்துக்குப் புத்தூருக்குப் போனாள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை கூடத்தின் நடுவில் கட்டிலைப் போட்டு, கதவைச் சாத்தி, வாழை இலை காற்றில் அசைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கினேன். என் குடை ஆணியில் தொங்கியது. என் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. சொர்க்கம் என்று தனியாக ஒன்று இருந்தால், அது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

கார்த்திகைக் கடைசியில் அவள் கைக்குழந்தையோடு வந்தாள். மார்கழி பிறந்தது.

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் இப்போதே சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள். சிரியுங்கள். மார்கழி வந்தால் வைகுண்ட ஏகாதசி வரும், சொர்க்கவாசல் திறப்பார்கள், உலகத்தில் உள்ள சனமெல்லாம் இந்தத் தீவுக்கு வரும், இங்கே ஒரு வீடு வைத்திருக்கிறவன் வீட்டில்தான் அவன் சொந்தக்காரன் எல்லாம் இறங்குவான் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு யார் சொன்னார்கள்?

முதல் ஞாயிறு. சாப்பிட்டேன். தலையணையைத் தட்டிப் போட்டேன். வாசலில் ஒரு மாட்டு வண்டி நின்றது. மணப்பாறையிலிருந்து என் மனைவியின் பெரியப்பா, அவர் சம்சாரம், மகன்கள், மருமகள்கள், அவர்கள் குழந்தைகள், ஒரு தகரம் நிறைய முறுக்கு.

“சொர்க்கவாசல் பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசைங்க மாப்ளே. இத்தனை வருஷம் தங்க இடம் இல்லை.”

பின்னாலேயே இன்னொரு வண்டி. அண்டா, அரிசி மூட்டை, அம்மிக்கல். அம்மிக்கல்லின் மேல் அழகர்சாமி. அவனுக்குப் பக்கத்தில், தலையில் ஈரத்துணியும் கையில் எலுமிச்சம்பழமுமாக என் மாமியார்.

“அத்தை! உங்களுக்குத்தான் பாலம் ஏறினா தலை சுத்துமே?”

“ஆமா மாப்ளே. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, ரெங்கா ரெங்கான்னு சொல்லிக்கிட்டே வந்துட்டேன்.”

“அப்பாடி. எப்ப திரும்புறீங்க?”

“அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு மாப்ளே. சாமியைப் பார்க்க வரும்போது சாமி கூட வந்துச்சு. திரும்பிப் போறப்ப யாரு வருவா? இனிமே அந்தப் பாலத்துல நான் ஏறவே மாட்டேன்.”

கூடத்தில் என் கட்டிலைக் காணோம். அதன் மேல் பெரியப்பா இருந்ததால் தெரியவில்லை. குடை போய்விட்டது. சைக்கிள் மணி தெருவில் கேட்டது. மாமியார் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, “மாப்ளே தூங்கப் போறாரு, யாரும் சத்தம் போடாதீங்க” என்று மேலூர் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

வள்ளிக்கண்ணுவைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டேன்.

“இது என்ன அநியாயம்? நீதானே ஸ்ரீரங்கம் வேணவே வேணாம்னு அழுதே?”

“ஆமாங்க.”

“ஏன் அழுதே?”

“வேணும்னு சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?”

சிரிக்காமல் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் சொன்னாள். “அந்த இன்னொரு பொட்டலத்தை மட்டும் பூசாரி பிரிச்சிருந்தா உங்க மானம் என்ன ஆயிருக்கும்? அரளிக் கிளை ஒடிஞ்சு கிடக்கு. அதுல ஒரு பூவும் குறையலை. இதுகூடப் பார்க்கத் தெரியாதா எனக்கு? நல்லவேளை நீங்களே ரெண்டுலயும் வெள்ளையை வெச்சீங்க. உங்களுக்குத் தைரியம் வராம போயிடுமோன்னு நான்தான் பயந்துக்கிட்டு இருந்தேன்.”

எனக்குக் கோபம் வரவில்லை. தூக்கம்தான் வந்தது. படுக்க இடம்தான் இல்லை. அப்போது என் மூளையில் ஒரு மின்னல் அடித்தது. கடைசி மின்னல்.

“சரி வள்ளி, போகட்டும். எல்லாரும் இங்க சந்தோஷமா இருங்க. உங்க அம்மாவும் தம்பியும் இங்கதானே இருக்காங்க? புத்தூர் வீடு சும்மா பூட்டித்தானே கிடக்கு? அந்தச் சாவியை மட்டும் குடு. ஞாயித்துக்கிழமை மட்டும் நான் அங்க போய்த் தூங்கிட்டு வந்துடறேன்.”

வள்ளிக்கண்ணு என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

“பூட்டிக் கிடக்கா? அதை அம்மா முந்தாநாளே வாடகைக்கு விட்டாச்சுங்களே!”