ஜூன் ஒண்ணாந்தேதி பிறந்த முப்பத்தெட்டு பேர்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா சமூகத்துக்கு,

அடையாறு காந்தி நகரில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் தணிகாசலம் கைகூப்பி எழுதிக்கொள்வது. இந்த வெயிலில் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சாபீஸ் ஆட்களும் சுகமாக இருக்க வேண்டும்.

தங்கள் வாரப்பத்திரிகையில் வரும் ‘இதே நாளில்’ பகுதியை நான் ஒரு வாரமும் விட்டதில்லை. போன வருடம் ஜூன் ஒன்றுக்கு, மர்லின் மன்றோ பிறந்தார், ஹெலன் கெல்லர் காலமானார் என்று போட்டிருந்தீர்கள். அதே நாளில்தான் ஐயா நானும். நான் மட்டுமா? என்னையும் சேர்த்து ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்த முப்பத்தெட்டு பேருக்கும் சர்ட்டிபிகேட்டில் ஜூன் ஒன்றுதான்! ஹெட்மாஸ்டர் எல்லாருக்கும் ஒரே தேதிய எழுதிட்டாரு. எங்க ஆத்தங்கரையில ஒரே நாள்ல முப்பத்தெட்டு பிரசவம்னா மருத்துவச்சி இன்னாத்துக்கு ஆவா?

வர்ற ஜூன்ல எனக்கு அறுபது. பொய்த் தேதியில கொண்டாட மனசு ஒப்பல. நெசமான நாள்ல எங்கம்மா தாயம்மா கையால துன்னூறு வாங்கணும். அதுக்கு எம்பத்திரெண்டு வயசு, நாளுக்கு நாள் ஞாபகம் கொறஞ்சிக்கினே வருது. அதான் அவசரம். “நான் பொறந்த அன்னிக்கு இன்னா நடந்துச்சும்மா?”ன்னு கேட்டேன். “ஒரு பெரிய மனுசன் பூட்டாரு, கடையெல்லாம் சாத்திட்டாங்கோ, ஒரு சோடா கூட கெடைக்கல”ன்னுச்சு. லைப்ரரிக்கு ஓடினேன். அங்க கீற ஜெயஸ்ரீ மேடம் புக்க பொரட்டி, அந்த வருசம் செத்த பெரிய மனுசங்க தேதிய எழுதிக் குடுத்தாங்க. ஜனவரியில ரெண்டு, பிப்ரவரியில ஒண்ணு. மூணு தேதிக்கும் குளிச்சிட்டு அம்மா முன்னால போய் நின்னேன். மொதல் தபா, “அன்னிக்கு வெயிலு மண்டையப் பொளந்துச்சே”ன்னுச்சு. ரெண்டாவது தபா தூங்கிடுச்சு. மூணாவது தபா, “மாம்பழம் துன்னுக்கினு இருந்தேன், வலி எடுத்துச்சு”ன்னுச்சு. பிப்ரவரியில ஏதுங்க மாம்பழம்? மூணு தபாவும் பாயசம் வெச்ச என் சம்சாரம் அன்புச்செல்வி கரண்டிய வீசிட்டு, “இன்னும் எத்தினி தபாய்யா பொறப்ப?”ன்றா.

ஆகவே, மாம்பழ சீசனில் காலமான பெரிய மனிதர் யார் என்று தாங்கள் தேடிச் சொல்ல வேண்டும். தங்கள் பேனாவும் கண்பார்வையும் நூறாண்டு நிலைக்கட்டும்.

தங்கள் வாசகன்,
தணிகாசலம்

பி.கு.: இத்த அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். “பெரிய மனுசன்னா நம்ம தெரு நாட்டாமைடா. அவரு எந்த புக்குல வரப்போறாரு? ஜூன் ஒண்ணு சரிதான். நீ பொறந்தப்போ காலண்டர் தாளக் கிழிச்சி பத்திரமா வெச்சிருந்தேன். இஸ்கோல்ல சேக்கறப்போ வரிசையில மொதல்ல நாமதான். ஹெட்மாஸ்டர் அத்தப் பாத்து எழுதினாரு. பின்னால நின்னவங்களுக்குத் தேதி தெரியல. அத்தையே எல்லாருக்கும் போட்டுட்டாரு”ன்னுச்சு. “ஏம்மா, ஒரு வருசமா அலையறேனே, சொல்லக் கூடாதா?”ன்னு கத்தினேன். “இன்னா நடந்துச்சுன்னுதானே கேட்ட? தேதிய எப்போ கேட்ட?”ன்னுது. எனவே ஐயா, இந்தக் கடுதாசியப் பத்திரிகையில போட்டுடாதீங்க. மத்த முப்பத்தேழு பேரும் உங்க பத்திரிகை படிக்கறவங்க. அவங்க தேதி என்னுதுன்னு தெரிஞ்சா, நெசமான நாளப் போய்க் கேக்க அவங்களுக்கு அம்மா இல்ல.