மைனஸ் ஆறு மீட்டரில் ஒரு தாய்மாமன்

காதுகுத்தில் தாய்மாமனுக்கு ஒரே ஒரு வேலைதான்: குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது. சும்மா உட்காருவதில் பிறந்ததிலிருந்தே நல்ல பழக்கம் உள்ள எனக்கு அந்த வேலை தவறிப்போனது. குற்றவாளி நான் இல்லை. ஒரு கேமரா ட்ரோன். (வீட்டில் யாரும் இதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.)

கீரமங்கலத்தில் அக்கா மகள் யாழினிக்குக் காதுகுத்து. வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் குத்தியாக வேண்டும். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த பெரியப்பா மகன் ரவி, முந்தின நாள் அந்த ட்ரோனை என் கையில் கொடுத்து, "சுண்டு வெரல்ல ஓட்டலாம்டா தம்பி. எங்கிட்டுப் போனாலும் ஒரு பட்டனை அமுக்குனா வீட்டுக்கே வந்துரும்" என்றான். பாவி, அவ்வளவுதான் சொன்னான்.

சீர்வரிசையை முன்னால் நின்று கொண்டுவர வேண்டியவன் நான். நானோ தட்டுகளையெல்லாம் என் மனைவி தலையில் கட்டிவிட்டு, அக்காவின் இரண்டு மாடி வீட்டு மொட்டை மாடியில் ரிமோட்டோடு நின்றேன். திரையில் 'சாட்டிலைட் தேடுகிறது, காத்திருக்கவும்' என்று வந்தது. மேளமோ தெருமுனைக்கு வந்துவிட்டது. சீர் காத்திருக்குமா? கிளப்பிவிட்டேன்.

தட்டுகளைக் கிட்டத்தில் எடுக்கலாம் என்று தெருவுக்குள் இறக்கினேன். உயரம், மைனஸ் ஆறு மீட்டர் என்றது திரை. எனக்குப் பகீரென்றது. பூமிக்குள்ளேயா போய்விட்டது? பதறிப்போய் மேலே ஏற்றினேன். கிளம்பிய இடத்தைத்தான் அது பூஜ்யமாக வைத்துக்கொள்ளுமாம். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள ஊர் முழுக்க அதற்குப் பாதாளமாம்! இதை ஒரு மனுஷன் முன்னாடியே சொல்ல மாட்டானா?

மேலே போனதைக் காற்று தென்னந்தோப்புப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. வீட்டுக்கு வரும் பட்டனை அமுக்கினேன். அது நிதானமாகத் தோப்புக்குள்ளேயே இறங்கியது. தோப்புக்கு மேலே போன பிறகுதான் அதற்குச் சாட்டிலைட் கிடைத்ததாம். அந்த இடத்தையே வீடு என்று குறித்துக்கொண்டதாம். பந்தல் போட்டு, வாழை கட்டி, மேளம் கொட்டுகிற வீட்டை விட்டுவிட்டு!

ஓடினேன். திரையில் படம் போய்விட்டது; 'உயரம் இரண்டு மீட்டர்' என்று மட்டும் இருந்தது. சரி, ஏதோ செடியில் மாட்டியிருக்கிறது என்று புதர் புதராகத் தேடினேன். போன் அடித்தது. அக்கா.

"எங்கிட்டுடா போய்த் தொலைஞ்ச? ஆசாரி ஊசியோட உக்காந்திருக்காரு!"

"தோப்புலக்கா. ரெண்டே நிமிஷம், வாரேன்."

"மணி பத்தேகால்டா. புள்ள யார் மடியில உக்காரும்?"

சுருக்கென்றது. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். புத்தி வேண்டாமா? கைக்கெட்டும் உயரம்தானே என்று இன்னும் நாலு புதரை விலக்கினேன். அந்த இரண்டு மீட்டரும் மொட்டை மாடிக்கு மேலே இரண்டு மீட்டர் என்பது அப்புறம்தான் உறைத்தது. அண்ணாந்து பார்த்தேன். தென்னை மட்டையைத் தரை என்று நம்பி, இளநீர்க் குலைக்குப் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

நான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. இரண்டு காதிலும் கம்மலோடு யாழினி வீறிட்டுக்கொண்டிருந்தாள், ரவியின் மடியில். அவன் கழுத்தில் மாலை. என் மாலை!

"நானும் மாமன் மொறதானேடா தம்பி. நேரம் போகுதுன்னாங்க, உக்காந்துட்டேன்" என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. (வியர்வை என்று சமாளித்தேன்.)

தேங்காய் பறிப்பவர் ஏறி அதை இறக்கித் தந்தார். கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவன், ஒருமுறைகூட நிமிராமல் புதர் புதராக விலக்கும் அந்தப் படத்தை எங்கள் வீட்டில் எல்லா விசேஷத்திலும் போடுகிறார்கள்.

யாழினிக்கு இப்போது ஆறு வயது. ரவி அவளுக்கு 'மடி மாமா', நான் 'மர மாமா'. போன மாதம் அவள் தம்பிக்குக் காதுகுத்து. காலை ஏழு மணிக்கே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்; டீக்குக்கூட எழவில்லை. யாழினி வந்து, குனிந்து, எனக்கும் பாய்க்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினாள்:

"அம்மா, ஆசாரியை வரச் சொல்லுங்க! மர மாமா ஜீரோ மீட்டர்லதான் இருக்காரு!"