வீட்டைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடி

சின்ன வீட்டில் குடியிருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. வீடு சின்னதுதான் என்று ஒப்புக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் ஒரு வகை. அதைப் பெரிதாகக் காட்டுவது எப்படி என்று செல்போனில் வீடியோ பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. நான் ரொம்ப காலம் முதல் வகையில்தான் இருந்தேன். பிறகுதான் புத்தி வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

புதுக்கோட்டையில் எங்களுடையது இரண்டாவது மாடி ஃபிளாட். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. (சோபாவில் உட்கார்ந்தபடியே கரண்டியை நீட்டி அடுப்பை அணைக்க முடியுமா என்று ஒருமுறை முயன்றிருக்கிறேன். கொஞ்சத்தில் தவறிவிட்டது.) ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு இரும்பு பீரோ, அதன் தலையில் சூட்கேஸ்கள், ஓரமாக அரிசி மூட்டை. யாருக்கும் ஒரு குறையும் இல்லாமல் வாழ்ந்து வந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெண்ணின் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அவள் வீட்டில் துடைப்பமே இல்லை. அரிசி மூட்டை, பழைய பேப்பர், மாமியார் எதுவுமே கண்ணில் படாது. ஒரு வெள்ளைக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு, "உங்க வீடு சின்னது இல்லைங்க, உங்க பார்வைதான் சின்னது" என்று சொல்வாள். எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே பார்வையைப் பெரிதாக்கும் வேலையில் இறங்கினேன்.

முதலில் சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்தேன். அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த என் மாமியார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏன் ஆத்தா, சிமெண்டு பூசிட்டு வெள்ளையடிக்காம விட்டுட்டியா?"

"இதுதான் அத்தை இப்ப ஃபேஷன்."

"நல்லா இருக்கு. எங்க மாட்டுக்கொட்டகையும் இந்தக் கலர்லதான் இருக்கு."

அடுத்து, மஞ்சள் வெளிச்சம் தரும் ஒரு தொங்கு விளக்கு. அது சற்றுத் தாழ்வாகவே தொங்கியது. ஒரு சோபா, அது நிறையக் குஷன்கள். குஷன்கள் உட்கார்ந்தது போக மீதி இடத்தில் மனிதர்கள் உட்காரலாம். நாற்காலிகள், சூட்கேஸ்கள், அரிசி மூட்டை எல்லாம் படுக்கையறைக்குள் போயின. அதன் பிறகு நாங்கள் கட்டிலுக்குப் பக்கவாட்டில் நடந்துதான் போனோம்.

கடைசியாகக் கண்ணாடி. சின்ன ஹாலில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்தால் வீடு இரண்டு மடங்காகத் தெரியும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். கண்ணாடிக் கடைக்காரரிடம் அளவைச் சொன்னதும் அவர் மரியாதையாகக் கேட்டார்: "எந்தத் தெருவுலங்க சலூன் போடுறீங்க?"

ஒட்டி முடித்த அன்று வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் கதவைத் திறந்ததும், "வாங்க, எப்ப வந்தீங்க?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார். எனக்கு ஒரே பெருமை. கண்ணாடி வேலை செய்கிறது!

என் நாத்தனார் செல்விக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் கிட்டே வந்து தட்டிப்போயிருந்தது. செல்வி வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும், யாராவது கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அத்தை ராத்திரியில் சரியாகத் தூங்குவதில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். மூன்றாவதாகக் கொடும்பாளூர்ப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. பையன் விராலிமலையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் பார்க்க வருகிறோம் என்றார்கள்.

"நம்ம ஊட்டுக்கே வரச் சொல்லிருவோம். நல்லா விசாலமா இருக்கும்" என்றார் அத்தை.

நான் விடுவேனா? "இங்க வரச் சொல்லுங்க அத்தை. வீட்டைப் பார்த்ததுமே அவங்களுக்குப் பிடிச்சிரும்."

இந்த இடத்தில் யாராவது என் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். பொத்தவில்லை.

அவர்கள் வரும் நாள் காலையில் இரண்டு காரியங்கள் செய்தேன். சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போடுவது பழைய பாணி என்று வீடியோவில் பார்த்திருந்ததால், அதை இழுத்து ஹாலின் நடுவில் போட்டேன். அதில் உட்காருகிறவர்களுக்கு நேர் எதிரே கண்ணாடி, முதுகுக்குப் பின்னால் சமையலறை வாசல். அடுத்து, சமையலறை வாசலில் தொங்கிய பூப்போட்ட திரை சாம்பல் சுவரோடு பொருந்தவில்லை என்று அதைக் கழற்றிவிட்டேன்.

"அடுப்படிக்கு மறைப்பு வேணாமா?" என்று அத்தை கேட்டார்.

"அவங்க அங்கிட்டுப் பாத்துத்தானே அத்தை உக்காருவாங்க? நம்ம பக்கம் முதுகுதான் இருக்கும். இங்க என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்?"

இதைச் சொன்னது நான்தான். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த நான். ஒளிப் பிரதிபலிப்பில் நல்ல மார்க் வாங்கிய நான்.

மூன்று பேர் வந்தார்கள். பையன், அவன் அம்மா, தாய்மாமன். பையனின் அம்மா உள்ளே நுழைந்ததும் சுவரை ஒரு விரலால் தொட்டு, விரலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மூலையில் நான் வைத்திருந்த பிளாஸ்டிக் செடியைக் குனிந்து முகர்ந்தார். தாய்மாமன் நல்ல உயரம். "வீடு அம்சமா..." என்று ஆரம்பித்தவர் விளக்கில் தலையை இடித்துக்கொண்டு "ஆத்தாடி!" என்று முடித்தார். மூவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். குஷன்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் தாய்மாமன் இரண்டை மடியில் வைத்துக்கொண்டார், இரட்டைப் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவர் மாதிரி. என் வீட்டுக்காரர் அவர்களுக்கு எதிரே, கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு குட்டை ஸ்டூலில் அமர்ந்தார்.

நாங்கள் மூன்று பெண்களும் சமையலறைக்குள் புகுந்தோம். அங்கிருந்து பார்த்தால் சோபாவுக்கு மேலே மூன்று பின்தலைகள். கவலையில்லை.

செல்வி பஜ்ஜித் தட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். அவளைச் சிரிக்க வைக்க அத்தை ஆரம்பித்தார். மூக்கைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு நடந்து, சமையலறைச் சுவரை ஒரு விரலால் தொட்டு, விரலைத் திருப்பிப் பார்த்து, கொத்தமல்லிக் கட்டைக் குனிந்து முகர்ந்தார். அப்படியே பையனின் அம்மா! இவ்வளவு திறமையை மருமகளிடம் இத்தனை நாள் மறைத்துவிட்டாரே என்று எனக்கு ஆச்சரியம். நானும் என் பங்குக்கு ஒரு குக்கர் மூடியில் தலையை இடித்துக்கொண்டு, "ஆத்தாடி" என்று வாயை மட்டும் அசைத்து, இரண்டு தேங்காய்களை மடியில் வைத்துத் தாலாட்டினேன்.

செல்வி சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியதில், கையிலிருந்த தட்டிலிருந்து ஒரு வாழைக்காய் பஜ்ஜி தரையில் விழுந்தது. அத்தை அதை எடுத்தார். இரண்டு பக்கமும் ஊதினார். தட்டின் நடுவில், மற்ற பஜ்ஜிகளுக்குக் கீழே செருகிவைத்தார்.

"அம்மா, அது வேணாம்மா" என்று கிசுகிசுத்தாள் செல்வி.

"சும்மா இரு. காலையிலதானே தொடைச்சோம்."

செல்வி கேட்கவில்லை. அந்த பஜ்ஜியைத் தேடி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

ஹாலில் பேச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது. எட்டிப் பார்த்தேன். மூன்று பின்தலைகளும் அசையாமல் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தன. எதிரே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் மட்டும் எங்களைப் பார்த்துக் கண்ணை உருட்டி, கழுத்தைத் தடவி, என்னென்னவோ செய்தார். (கூத்தை நிறுத்தச் சொன்னாராம். நான் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தேன்.)

"பாத்தீங்களா அத்தை," என்று காதோடு சொன்னேன், "கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேங்கிறாங்க. அசந்துட்டாங்க."

பஜ்ஜித் தட்டையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு கம்பீரமாக ஹாலுக்கு வந்தேன். தட்டை டீப்பாயில் வைத்தேன். யாரும் தொடவில்லை.

"எல்லாரும் கண்ணாடியைத்தான் பாக்குறீங்க போல," என்று நானே ஆரம்பித்தேன். "இந்த மாதிரி வெச்சா சின்ன வீடும் பெருசாத் தெரியுங்க."

"ஆமாம்மா," என்றார் தாய்மாமன், மடியிலிருந்த குஷன்களைத் தடவியபடி. "நல்லாத் தெரியுது. எல்லாமே தெரியுது."

அவர் குரலில் ஏதோ இருந்தது. சோபாவின் பக்கத்தில் நின்றபடியே அவர் பார்வை போன திசையில் நானும் பார்த்தேன்.

ஹாலில் மங்கிய மஞ்சள் வெளிச்சம். சமையலறையில் பளீரென்று டியூப்லைட். கண்ணாடியில், டாக்கீஸில் படம் ஓடுகிற மாதிரி எங்கள் சமையலறை முழுசாகத் தெரிந்தது. அடுப்பு, குக்கர் மூடி, நான் தாலாட்டிய தேங்காய்கள். நடுவில் என் மாமியார், செல்விக்காக இரண்டாம் முறையாகக் கொத்தமல்லியை முகர்ந்துகொண்டிருந்தார்.

"அத்தை! பால் பொங்குது!" என்று கத்தினேன்.

"அடுப்பை அணைச்சு எவ்வளவு நேரமாச்சு ஆத்தா!" என்று சொல்லிக்கொண்டே திரும்பினார் அத்தை. கையில் கொத்தமல்லி. கண்ணாடிக்குள் பையனின் அம்மாவின் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்தன. அந்தக் கொத்தமல்லிக் கட்டு மெல்லக் கீழே இறங்கியது.

வேலை முடிந்தது, செல்விக்கு மூன்றாவது வரனையும் நானே பெயிண்ட் அடித்து, விளக்குப் போட்டு, கண்ணாடி பதித்துக் கெடுத்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அந்த நேரத்தில் அழுகைதான் வந்தது. அழுதால் அதுவும் இரண்டு மடங்காகத் தெரியுமே என்று அடக்கிக்கொண்டேன்.

பையனின் அம்மா நிதானமாகப் பஜ்ஜித் தட்டைப் பக்கத்தில் இழுத்தார். ஒவ்வொன்றாக விரலால் நகர்த்திப் பார்த்தார்.

"அது இதுலதான் இருக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் பையன் தலையைக் குனிந்தபடியே சொன்னான்: "இல்லம்மா. அதை அந்தப் பொண்ணு சாப்பிட்டுருச்சு."

சரியாக அப்போதுதான் காபித் தட்டோடு வந்து நின்றாள் செல்வி. காதில் விழுந்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. காபி என் புது விரிப்பில் கொட்டியது. பையனும் குஷனில் முகத்தை மறைத்துக்கொண்டான். தாய்மாமன் ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்தார். "அப்ப பயமில்லை" என்றார்.

பையனின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சொல்லி விடுறோம்" என்று எழுந்து போய்விட்டார். தாய்மாமன் போகும்போது விளக்கில் மறுபடியும் இடித்துக்கொண்டார். "ஆத்தாடி" சொல்ல வாயெடுத்தவர் என்னைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார்.

பல நாள் ஒரு தகவலும் இல்லை. அதுவரை அத்தையும் செல்வியும் எங்களோடுதான் தங்கியிருந்தார்கள். அத்தை என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். (நடித்துக் காட்டியது அவர்தானே என்று வாய் வரை வரும். விழுங்கிவிடுவேன். திரையைக் கழற்றியது நானாயிற்றே.) செல்விதான் எனக்கு ஆறுதல் சொன்னாள். "விடுங்க அண்ணி. வெறப்பா உக்காந்திருக்கிற வீட்டுல போயி நான் என்ன செய்யப்போறேன்?" அப்படிச் சொன்னாலும் போன் அடிக்கும்போதெல்லாம் அவள்தான் முதலில் திரும்பிப் பார்த்தாள்.

ஒருநாள் போன் வந்தது. பையனின் அம்மா அத்தையிடம் பேசினார். அத்தை அதை ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்களுக்குச் சம்மதம்ங்க. கீழ விழுந்ததை விருந்தாளிக்கு வைக்கக் கூடாதுன்னு நெனைக்கிற பிள்ளை. அன்னைக்கு வண்டியில ஏறுறப்பவே இந்தப் பொண்ணுதான்னு பையன் சொல்லிட்டான்."

"அப்புறம் ஏங்க இத்தனை நாளு?" என்றார் அத்தை.

"ஒங்களைப் பத்தியும் ஒங்க மருமகளைப் பத்தியும்தாங்க யோசிச்சுக்கிட்டு இருந்தோம்."

கல்யாணம் மண்டபத்தில் நன்றாகவே நடந்தது. கண்ணாடியைப் பெயர்த்தால் சுவரும் கூடவே வரும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டதால், அதன்மேல் பழைய பூப்போட்ட திரையையே பெரிதாகத் தைத்து மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் ஜன்னல் என்று நினைத்து, "கொஞ்சம் தெறந்து விடுங்க, காத்து வரட்டும்" என்கிறார்கள். அரிசி மூட்டை ஹாலுக்கே திரும்பிவிட்டது.

செல்விக்கு இப்போது ஒரு பையன் இருக்கிறான். சம்பந்தியம்மாவும் அத்தையும் நல்ல சிநேகம். இரண்டு பேரும் சேர்ந்தால் யாரையாவது நடித்துக் காட்டுகிறார்கள், பெரும்பாலும் என்னை. நான் கொடும்பாளூர் போகும்போதெல்லாம் சம்பந்தியம்மா தன் கையாலேயே பலகாரத் தட்டை நீட்டுவார். வீடு நிறையச் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் கையை நீட்டும்வரை காத்திருந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார்:

"எடுத்துக்கம்மா. கீழ விழலை."