செண்டோல் நிறத்தில் ஒரு கோயில் குளம்

கழிவுநீரோடு வேலை செய்கிறவனுக்கு இரண்டு விஷயங்கள் சீக்கிரமே போய்விடும். ஒன்று, மூக்கு. இன்னொன்று, கல்யாண வீட்டில் யாராவது "தம்பிக்கு எங்க வேல?" என்று கேட்டால் நிமிர்ந்து பதில் சொல்லும் தைரியம். எனக்கு முதல் வருடத்திலேயே இரண்டும் போய்விட்டன.

பாசிர் கூடாங் பக்கம் ஒரு மீ (நூடுல்ஸ்) தொழிற்சாலை. அங்கே கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிரிவில் ஷிப்டு டெக்னிஷியன் நான். என் மாமனார் இதை உறவினர்களிடம் "மாப்ள தண்ணி டிபார்ட்மெண்ட்" என்று சொல்லி வைத்திருந்தார். கேட்பவர்கள், ஜொகூருக்கே நான்தான் குழாய் திறந்துவிடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். (மாமா திருத்த மாட்டார். நானும்தான்.)

என்றைக்காவது இந்த வேலையை வைத்தே மாமா என்னைப் பற்றி உண்மையைச் சொல்லிப் பெருமைப்பட வேண்டும் என்று ஓர் ஆசை இருந்தது. அந்த ஆசைதான் மாசாயில் எங்கள் வீட்டருகே இருக்கும் கோயிலின் குளத்துக்குள் என்னைத் தள்ளியது.

அபிஷேகம் செய்த பால், தயிர், பஞ்சாமிர்தம் எல்லாம் ஒரு சிறு கால்வாய் வழியாக நேரே அந்தக் குளத்துக்குத்தான் போகும். சாமிக்கு நடந்த விருந்தில் பாசிக்கும் பந்தி. குளம் பச்சையாகி நாறத் தொடங்கியதும், கோயில் தலைவர் கூட்டத்தைக் கூட்டினார். குளத்தை மண் கொட்டி மூடிவிட்டுக் கார் நிறுத்த இடம் செய்யலாம், சாமியைத் தெப்பத்துக்குப் பதில் லாரியில் வைத்துச் சுற்றிவிடலாம் என்றார். யாரும் மறுக்கவில்லை. கோயிலில் கார் நிறுத்த இடம் தேடி அலுத்தவர்கள் எல்லாரும்.

இரவு ஷிப்டு முடித்து அரைத் தூக்கத்தில் இருந்த நான் எழுந்தேன். எழுந்திருக்கக் கூடாது. இது விஷம் இல்லை, சாப்பாடு அதிகமானதால் வந்த வியாதி என்றேன். தண்ணீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அளவுக்கு மீறினால் பாசி கொழுக்கும், மீனுக்கு மூச்சு முட்டும். வருவதைக் குறைத்து, உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுத்தால் போதும். பாதிப் பேருக்குச் சர்க்கரை இருந்த கூட்டம் அது. உடனே புரிந்துகொண்டார்கள். தெப்பத் திருவிழாவுக்குள் தெளிய வைக்கிறேன், இல்லாவிட்டால் மூடிக்கொள்ளுங்கள் என்று வாக்கும் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். பின்வரிசையில் மாமா யாரிடமோ "நம்ம மாப்ளதான்" என்று சொன்னது காதில் விழுந்தது. தூக்கம் போய்விட்டது.

கால்வாயைத் திருப்பி வாழைத்தோப்புப் பக்கம் விட்டோம். பழைய நுரைப்பெட்டி மூடிகளையும் பிளாஸ்டிக் போத்தல்களையும் கட்டி மிதவைகள் செய்து, கங்கோங் கீரை நட்டோம். வேர் தண்ணீரில் தொங்கி சத்தை உறிஞ்சும். வளர்ந்ததை அறுத்து வெளியே போட வேண்டும், அதோடு சத்தும் வெளியேறிவிடும். மாதங்கள் போகப் போகக் குளம் தெளிந்தது. திலாப்பியா மீனின் முதுகு தெரிந்தது. பிறகு ஒரு நாள் கீரையின் இலைகள் மஞ்சளாயின.

அன்று நான் குளக்கரையில் தனியாக நின்று சிரித்தேன். செடி பட்டினி கிடக்கிறது, அதாவது தண்ணீரில் சத்து தீர்ந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் கண்ணால் பார்த்த ஒரே வெற்றி, அந்த மஞ்சள். அதை யாருக்கும் விளக்கிச் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்தால் வாயைத் திறக்கவும் தெம்பிருக்காது.

இங்கே மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாயாங் லாயாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் கூலியாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்து, ஆள் வைத்து உரம் போட்டே ஓய்வுபெற்றவர். மஞ்சள் இலையைப் பார்த்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பக்கத்து வீட்டுச் சீன அம்மாவின் பூந்தொட்டிக்கே சொல்லாமல் உரம் போடுகிற மனிதர். ஒரு நாள் சாப்பிடும்போது, குளத்துச் செடி மஞ்சளாக இருக்கிறதே என்று என்னைக் கேட்டார். "இருக்கட்டும் மாமா" என்றேன். சோற்றிலேயே கண் சொக்கிவிட்டது. அந்தப் பதிலை இன்னும் ஒரு வரி நீட்டியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

திருவிழா வாரத்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் லீவு எடுத்துவிட்டார்கள். இரட்டை ஷிப்டு பார்த்த நான் குளத்துப் பக்கமே போகவில்லை. திருவிழா மாலை தொழிற்சாலையிலிருந்து நேரே வந்து, கோயில் கழிவறையில் வேட்டி மாற்றி, மைக்கைப் பிடித்தேன். தெப்பம் இறங்குவதற்கு முன் நான் பேச ஏற்பாடு. கையில் கவிதாவின் நல்ல கண்ணாடி டம்ளர். (கவிதா என் மனைவி. விருந்தாளிக்கு மட்டும் எடுக்கும் டம்ளர் அது.) ஊர் முன்னிலையில் தெளிந்த நீரை முகந்து காட்டுவது என் திட்டம்.

குளத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்துப் பேசினேன். பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டிருந்தார்கள். அழுகையை அடக்குகிறார்கள் என்று நினைத்தேன். (என் மூக்கின் கதைதான் தெரியுமே.) முன்வரிசையில் கவிதா இரண்டு கைகளையும் ஆட்டினாள். இன்னும் பேசச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பேசினேன். பேசிக்கொண்டே படியில் பின்னால் இறங்கி, திரும்பாமலே குனிந்து முகந்து, டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கினேன்.

"இந்தத் தண்ணீரைப் பாருங்கள்" என்றேன்.

எல்லாரும் பார்த்தார்கள். கடைசியாகப் பார்த்தவன் நான். டம்ளருக்குள் கெட்டியான பச்சை. அதில் ஒரு குட்டி மீன் மல்லாந்து கிடந்தது.

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணே, செண்டோலு ரெடி. தேங்காப்பாலு எப்ப ஊத்துவீங்க?"

(செண்டோல், தேங்காய்ப்பாலில் பச்சை மாவுத் துண்டுகள் மிதக்கும் எங்கள் ஊர் இனிப்பு.) குருக்களே சிரித்துவிட்டார். யாரோ எதையோ குளத்தில் கொட்டியிருக்கிறார்கள் என்று மைக்கில் சொன்னேன். முன்வரிசையில் மாமா எழுந்து நின்றார், மாலை வாங்கப் போகிறவர் மாதிரி.

"நான்தான் மாப்ள. செடியெல்லாம் மஞ்சளா கெடந்துச்சு. நாலு பேரு முன்னால ஒங்க மானம் போயிறக்கூடாதேன்னு, வீட்டுல இருந்த நீல ஒரத்த மூட்டையோட கொண்டாந்து வீசிட்டேன். திரும்பிப் பாருங்க, எப்படித் தளதளன்னு நிக்குது."

திரும்பிப் பார்த்தேன். ஜொகூரிலேயே அப்படி ஒரு கங்கோங்கை நான் கண்டதில்லை. அதன் கீழே மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

சாமி லாரியில் சுற்றியது.

அடுத்த வாரக் கூட்டத்துக்கு, தோற்றதை ஒப்புக்கொண்டு தூங்கப் போகலாம் என்றுதான் வந்தேன். மண் லாரிக்குத் தலைவர் சொல்லிவைத்துவிட்டார். மூலையில் மாமா தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததை வீட்டில் விளக்கிச் சொன்ன நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஒரு மூட்டை ஒரத்துக்கே கொளம் இப்படின்னா, நாம வருசக்கணக்கா ஊத்துன பாலும் தயிரும் என்ன பண்ணியிருக்கும்? மாமா செஞ்சது தப்பு இல்ல தலைவரே. நான் சொன்னத நிரூபிச்சிருக்காரு."

தலைவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "சரி லா. அடுத்த திருவிழா வரைக்கும் விடுறேன். ஆனா ஞாயித்துக்கெழம தவறாம நீங்களும் ஒங்க மாமாவும்தான் கீரை அறுக்கணும். வேற யாரயும் கூப்புடக் கூடாது."

அந்தத் திருவிழாவும் வந்து போனது, அதற்குப் பின்னும் சில. தெப்பம் குளத்தில்தான் ஓடுகிறது. கார் நிறுத்துமிடத்தைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. எங்களை விடுவிப்பது பற்றியும் யாரும் பேசுவதில்லை. ஊரே பெர்மாஸ் ஜெயா கடைகளில் பசியாறிக்கொண்டிருக்கும் ஞாயிறு காலையில், நாங்கள் இருவரும் முழங்கால் தண்ணீரில் அரிவாளோடு நிற்கிறோம்.

வீட்டில் நான் எதைப் பற்றியாவது கொஞ்சம் பெருமையாகப் பேசத் தொடங்கினால், கவிதா ஒரு காலி டம்ளரைக் கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறாள். இப்போது மகளும் வைக்கக் கற்றுக்கொண்டாள். ஞாயிறு காலையில் கேட்டருகே இன்னொரு சடங்கு உண்டு. "அப்பா, பாக்கெட்டக் காட்டுங்க" என்று கவிதா மாமாவைச் சோதித்துத்தான் அனுப்புவாள். ஒரு முறை துணி துவைக்கும் மெஷினில் நீல உருண்டைகள் கிடைத்தன. மிளகாய்ச் செடிக்கு என்றார் மாமா.

போன ஞாயிறு அந்த நல்ல டம்ளரால் குளத்து நீரை முகந்து பார்த்தேன். டம்ளருக்கு அந்தப் பக்கம் என் விரல் ரேகை வரை தெரிந்தது. காட்டுவதற்கு ஆள் தேடினேன். மாமாதான் இருந்தார். பாருங்கள் மாமா என்று நீட்டினேன். அவர் பார்வை மிதவைகளின் மேல் இருந்தது. இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன.

"தண்ணி இருக்கட்டும் மாப்ள. இந்தச் செடிங்களப் பாத்தாத்தான் வயிறு எரியுது."

சொல்லிக்கொண்டே கையைச் சட்டைப் பைக்குள் விட்டார். டம்ளரைப் படியில் வைத்துவிட்டு எட்டி அவர் கையைப் பிடித்தேன்.

இந்த முறை கைக்குட்டைதான்.