ஐஸ்பெட்டி வெடித்த செய்தி

இருளப்பனிடம் பேரம் பேசி ஜெயித்தவன் சுங்கைப் பட்டாணியில் இன்னும் பிறக்கவில்லை. பழைய இரும்பு வாங்கி விற்றே ஆளானவர். வீட்டு ஐஸ்பெட்டியும் பேரத்தில் அடித்துப் பிடித்ததுதான். மரக்கட்டை லோரி மேடேறுவதுபோல உறுமும். உள்ளே மீன் வைத்தால் மறுநாள் கருவாடு.

"என்னங்க, புதுசு வாங்குங்க. பின்னாடி லேசா புகையுது."

"ஒன் கண்ணுல கோளாறு. இது இன்னும் பத்து வருசம் ஓடும்லா!"

மனைவி குணசுந்தரி சொன்னால் பொய். போனில் வந்தால் வேதம். பத்திரிகையை எப்போதோ நிறுத்திவிட்டார். எந்த வீடியோ வந்தாலும் பாதி பார்ப்பதற்குள் எல்லாக் குழுவுக்கும் தள்ளிவிடுவார். மொத்தத் தாமான் குடியிருப்புக்கும் முதலில் சொல்வது அவராகத்தான் இருக்க வேண்டும்.

அன்று காலை கோயில் குழுவில் ஒரு வீடியோ. மேலே சிவப்பு எழுத்து: 'குருண் டவுனில் ஐஸ்பெட்டி வெடித்தது! பழைய பெட்டி வைத்திருப்போர் உஷார்!' ஒரே இருட்டு. உறுமல். புகை. இருளப்பனுக்குக் குப்பென்று வியர்த்தது. மேற்கொண்டு பார்க்கத் தெம்பில்லை. உடனே எல்லாருக்கும் தள்ளினார். அடுப்படியிலும் அதே உறுமல்!

"சுந்தரி! வெளிய ஓடு! அது உறுமுது!"

"அது தெனமுந்தான் உறுமுது."

"வெடிக்கப் போவுதுடி! நியூஸ்ல வந்திருக்கு!"

"நியூஸ்லயா? அப்ப சரி. வாங்க, கடைக்குப் போவோம்."

அவள் ஏற்கெனவே சேலை மாற்றித் தயாராக நின்றாள். அதைக் கவனிக்கும் நிலையில் அவர் இல்லை.

மின்சாமான் கடைக்கார ரோனால்ட் இவரைக் கண்டதும் பெருமூச்சு விட்டான். இன்றைய வியாபாரம் பேரத்திலேயே போய்விடும்.

"வெலையெல்லாம் கேக்கல தம்பி. புது ஐஸ்பொட்டிய இப்பவே ஏத்து!"

ரோனால்டின் கையிலிருந்த கால்குலேட்டர் கீழே விழுந்தது. "ஒடம்பு சரியில்லையாண்ணே?"

பணத்தைக் கட்டிவிட்டு இருளப்பன் வீடியோவைக் காட்டினார். ரோனால்ட் பொறுமையாகப் பார்த்தான். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"அண்ணே, கடைசி வரைக்கும் பாத்தீங்களா?"

கடைசியில் படம் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் திரும்பியது. கைலி கட்டிய ஓர் ஆள் பெட்டியை எட்டி ஓர் உதை விட்டுச் சொன்னார்: "இது இன்னும் பத்து வருசம் ஓடும்லா!"

சாட்சாத் இருளப்பன்.

"நீயாடி எடுத்த?"

"நான் குருண்ல இருக்கற தங்கச்சிக்கு மட்டுந்தாங்க அனுப்புனேன், நம்ம பொட்டி படுற பாட்டைப் பாருன்னு. பொட்டி வெடிச்சது, அது கைமாறிப் போற வழியில."

"இது நம்ம பொட்டின்னு காலையிலேயே வாயால சொல்லியிருக்கலாமில்ல!"

குணசுந்தரி புதுப் பெட்டியைத் தடவிக்கொண்டே, பக்கத்திலிருந்த துணி துவைக்கும் இயந்திரத்தைப் பார்த்தாள்.

"இதை வாயால சொல்லட்டுங்களா, இல்ல போன்ல வரட்டுங்களா?"